சிபாப் கருவி: சில ஆண்டுகள் பயன்படுத்தியபின்

தூக்கத்தில் மூச்சு அடைபடாமலிருக்க, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் கருவிதான் சிபாப். அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மெஷின் நல்லது என்றுதான். சில ஆண்டுகளாகத் தினமும் அதை மாட்டிக்கொண்டு தூங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மெஷின்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரவைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் மாஸ்க்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். காலையில் தலை கனக்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மதியத்துக்கு மேல் கணக்கைப் பார்த்தபடியே கண் செருகும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. விட்டமின் டி மட்டும் குறைவு (நம் ஊரில் யாருக்குத்தான் குறைவில்லை?). மாத்திரையில் அளவு ஏறியது, அசதி அசையவில்லை. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன் என்றதும் மறுபடியும் சர்க்கரையைத்தான் பார்த்தார்கள். குறட்டை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் வீடுகளிலும் குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்றுதான் விட்டுவிடுகிறோம். குறட்டை சட்டென்று நின்று, சற்று நேரம் சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு திணறிக்கொண்டு மூச்சு திரும்புவதைக் கவனித்தவர் என் மனைவி.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் அடைப்பு வகை ஸ்லீப் ஏப்னியா. மூச்சு பத்து விநாடியாவது நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒன்றாக எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. 30 என்றால் தீவிரம். தலையில் ஒயர்களும் நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகளுமாக ஓர் இரவு மருத்துவமனையில் படுத்ததில் எனக்கு வந்தது 38. மூளை அரைகுறையாக விழித்துத்தான் பெரும்பாலும் மூச்சை மீட்கிறது. காலையில் எதுவும் நினைவிருப்பதில்லை. சிறுநீர்த் தொல்லைக்கும் இதுவே காரணம். அடைத்த பாதைக்கு எதிராக நெஞ்சு மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்பதுபோல, உப்பையும் நீரையும் வெளியேற்றும் ஹார்மோனை இதயம் சுரக்கிறது. கருவி மாட்டியபின் முதலில் நின்றது இந்த எழுந்து நடப்புதான். அசதி விலக இன்னும் சில வாரங்கள் ஆயின.

எனக்குத் தொப்பை கிடையாது, எனக்கு எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவருக்கும் வரலாம்.

1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உருவாக்கிய முறைதான் சிபாப். அதற்குமுன் நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழி. காற்றழுத்தத்தால் பாதையைத் திறந்து வைப்பதே கருவியின் முழு வேலை. நான் வைத்திருப்பது ஆட்டோ வகை. 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் (இந்தக் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை தேவையைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பழுது எதுவும் வந்ததில்லை.

மாஸ்க் அப்படியல்ல. கடையில் கையில் கொடுத்தது மூக்கு, வாய் இரண்டையும் மூடும் பெரிய வகை. மூக்குத்தண்டில் புண், கண்ணுக்குள் காற்று. கசிகிறதே என்று பட்டையை இறுக்கினால் சிலிகான் மெத்தை நசுங்கி இன்னும் அதிகமாகக் கசியும். மூக்கை மட்டும் மூடும் வகைக்கு என் மீசை இடம் கொடுக்கவில்லை. விளிம்பு படியாமல் இரவெல்லாம் உஸ் என்று சத்தம். கடைசியில் மூக்குத் துளைகளில் பொருந்தும் நேசல் பில்லோஸ் என்ற சின்ன வகைதான் ஒத்துவந்தது. வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கு அது உதவாது. கடையில் நின்றபடி மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. மெஷினை ஓடவிட்டு, படுத்து, இரண்டு பக்கமும் புரண்டு பார்க்க வேண்டும். அளவு சேராவிட்டால் மாற்றித் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். என் கடைக்காரர் மறுத்துவிட்டார். இரண்டு மாஸ்க்குகள் பீரோவில் கிடக்கின்றன.

மாஸ்க் ஒத்துவராதவர்கள் நள்ளிரவில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். 2016-இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்டவர்களுக்கு மீண்டும் வருவதை சிபாப் குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் அதை மாட்டியிருந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். அந்த அளவிலும் பகல் தூக்கம் குறைந்தது. ரத்த அழுத்தம் வெகுவாக இறங்கும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை தொடர்கிறது.

பராமரிப்பு பெரிய வேலையல்ல. காலையில் மாஸ்க்கின் சிலிகான் மெத்தையைக் குழந்தை சோப்பில் கழுவ வேண்டும். முகத்து எண்ணெய் படிந்தால் கசியும். காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்துக் களகளவென்று எழுப்பிவிடும். குழாய்க்குத் துணி உறை போட்டபின் குறைந்தது. பிரதான சாலையோரத்தில் வீடு என்பதால் ஃபில்டர் சீக்கிரம் கறுத்துவிடுகிறது.

மின்வெட்டுதான் உண்மையான தலைவலி. மின்சாரத்தைத் தின்பது பெரும்பாலும் ஈரப்பதச் சூடேற்றிதான்; அதை அணைத்துவிட்டால் வீட்டு இன்வெர்ட்டரே விடியும்வரை தாங்குகிறது. ரயிலில் செல்போனுக்கான பிளக்கை நம்பி இதை எடுத்துச் செல்ல முடிவதில்லை. அடுத்த செலவு அதற்கான பேட்டரிக்குத்தான். விலையைக் கேட்டுவிட்டு இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.