நான் 14 மாதம் வேலை பார்த்த போதை மீட்பு இல்லம்: 5க்கு இரண்டரை

பெயர் போடப் போவதில்லை, கேட்காதீர்கள். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம், 20 கட்டில், ஆண்களுக்கு மட்டும், மாடியில் ஒரு தியான ஹால். அங்கேயே தங்கி 14 மாதம் கவுன்சலராக இருந்தேன். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்த கையோடு இந்த மாதிரி இடத்தில் சேரலாமா என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கும், வீட்டு ஆளை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தவிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இரண்டு தரப்பும் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: ராத்திரி 2 மணிக்கு அங்கே யார் முழித்திருக்கிறார்கள்?

குடும்பம் பார்க்க வருவது பகல் 11 மணிக்கு. வாசலில் துளசி மாடம், சுவரெல்லாம் பொன்மொழி, கேரம் போர்டு, வரிசையாக மடித்த போர்வை. பார்த்ததுமே பாதி கவலை போய்விடும். சாப்பாடும் நன்றாக இருக்கும், அதில் பொய் சொல்ல மாட்டேன், சமையல் அக்கா வைக்கிற மிளகு ரசத்துக்கே அரை ஸ்டார் கொடுத்திருக்கிறேன். ஆனால் ரொம்ப வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து வருவது பகல், ராத்திரி பார்த்து இல்லை. கடைசியாகக் குடித்து ஆறு எட்டு மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும், இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதைச் சரியாகக் கவனிக்காவிட்டால் ஆளே போய்விடலாம்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். முதல் இரண்டு நாள் அமைதியாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இடது கை கியர் போடுகிறது, கால் தரையில் கிளச் தேடுகிறது, பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வியர்வை. என்னைப் பார்த்து, “படியில நிக்காத, உள்ள போ” என்று அதட்டினார். நான் படித்த கவுன்சலிங் எதுவும் அந்த நேரத்தில் செல்லாது. லைட்டைப் போட்டுவிட்டு, “அண்ணே, நான் கவுன்சலர் தம்பி, நீங்க சென்டர்ல இருக்கீங்க, மணி ரெண்டு” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸ் பகல் ஷிஃப்டோடு சரி. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருபவர், நாலாவது தடவைதான் போனை எடுத்தார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார். 108 வந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்ப குடிச்சாரு?” எங்கள் படிவத்தில் ஆதார் நம்பர் இருந்தது, அட்வான்ஸ் எவ்வளவு என்று இருந்தது, அது இல்லை.

பிழைத்துவிட்டார். அஞ்சாறு நாள் கழித்துப் போனபோது ஒன்றுமே ஞாபகம் இல்லை, ஒரு காபி கிடைக்குமா தம்பி என்றார்.

இந்த நடுக்கத்தை இறக்க லோரஸெபாம், குளோர்டயாஸெபாக்சைடு மாதிரி மாத்திரைகளை டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்து, நாளாக நாளாகக் குறைப்பார். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் முக்கியம், அதுவும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால். ஆள் சோர்ந்துவிட்டார், ஒரு பாட்டில் ஏத்திடலாம் என்று வார்டன் முடிவு செய்கிற விஷயமில்லை இது. எங்கள் ஓனருக்கு இதெல்லாம் ‘ஆஸ்பத்திரி சமாச்சாரம்’, குடி என்பது திமிர், அடக்கினால் சரியாகும் என்பது அவர் கட்சி. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை 1980லிருந்து இதை நோய் என்று சொல்லி வைத்தியம் பார்க்கிறது. அந்தச் செய்தி எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

‘பிக்கப்’ என்று ஒரு சர்வீஸ் உண்டு, தனிக் கட்டணம். மனைவி போன் செய்தால் நாலு பேர் வேனில் போய் ஆளைத் தூக்கிவருவார்கள். அப்படி வந்தவர் முதல் பத்து நாள் என்னிடம் வாய் திறக்க மாட்டார், ஏன் திறக்க வேண்டும்? 2017 மனநலச் சட்டத்தில் குடிநோயும் வருகிறது. சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கும் டாக்டர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், முதலில் 30 நாள் வரைதான், நீட்டிக்க வேண்டுமென்றால் அந்தச் சட்டப்படி அமைக்கிற மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். இங்கே எடுத்த எடுப்பிலேயே ‘மூன்று மாத பேக்கேஜ்’. இதை நான் மீட்டிங்கில் கேட்டதிலிருந்து சம்பளம் இன்னும் நாலு நாள் தள்ளி வர ஆரம்பித்தது. நடக்காத குரூப் தெரபிக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்து கேட்டபோதுதான் பெட்டியைக் கட்டினேன்.

அப்புறம் ஏன் இரண்டரை என்றால், இரண்டு காரணம். ஒன்று, அங்கேயே குணமாகி வார்டனாக நின்றுவிட்ட ஓர் அண்ணன், குடியை விட்டு ஒன்பது வருஷம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாலில் ஒரு பரபரப்பு வரும், காரணமில்லாமல் சண்டை கிளம்பும், வழக்கமாகக் கடைக்குப் போகிற நேரம் அது. அவர் சரியாக அந்த நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வெங்காயம் உரிக்க வைப்பார். நான் இரண்டு வருஷம் படித்ததில் அது இல்லை. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம். குடியை நிறுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கிற பவுடர் பற்றி வாராவாரம் ஓர் அம்மாவாவது கேட்பார். அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து) இருந்து அவர் குடித்தும் வைத்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே வினையாகும் என்று சொல்லிப் புரியவைக்க முடிந்த இடம் அதுதான்.

வேலைக்குச் சேர்கிற தம்பிகளே, ராத்திரி நர்ஸ் இல்லாத இடத்தில் சேராதீர்கள், அந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும். வீட்டுக்காரர்கள் ராத்திரி 10 மணிக்கு மேல் அந்த இல்லத்தின் நம்பருக்கு ஒரு போன் போட்டு, நர்ஸிடம் பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் 14446க்கும் பேசுங்கள், போதை மீட்புக்கான கட்டணமில்லா எண், பக்கத்தில் அரசு உதவியோடு நடக்கிற இடம் இருந்தால் சொல்வார்கள். சேர்க்கும்போது லுங்கி மூன்று, துண்டு இரண்டு, சோப்பு என்று ஒரு லிஸ்ட் தருவார்கள். அதன் பின்னாலேயே, கடைசியாக எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், முன்னால் எப்போதாவது வலிப்பு வந்ததா என்று எழுதி, டியூட்டியில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.