பெர்த்தானின் இரண்டு ஆப்பெராக்கள்: எதை முதலில் கேட்பது?

லூயிஸ் பெர்த்தான் (1805–1877) என்ற பிரெஞ்சுப் பெண் இசையமைப்பாளரை இன்று அநேகமாக யாருக்கும் தெரியாது. அவருடைய ஆப்பெராக்களான (முழுக்கப் பாடி நடிக்கும் இசை நாடகங்கள்) 'ஃபாவுஸ்தோ' (1831), 'லா எஸ்மெரால்டா' (1836) இரண்டுக்கும் இப்போது ஒலிப்பதிவு இருக்கிறது.

எஸ்மெரால்டாவுக்குப் பாட்டு வரிகள் எழுதியது சாட்சாத் விக்டர் ஹியூகோ, தன் நோத்ர்-தாம் நாவலிலிருந்து! ஆனால் மேடையேறியபோது ஒரே கூச்சல். கதையில் தேவாலய மணி அடிக்கும் குவாசிமோதோவின் மணிப் பாட்டு நன்றாக இருந்ததும் 'இது பெர்லியோஸ் போட்டது' என்று சிலர் கிளப்பிவிட, ஒத்திகை நடத்தித் தந்த பிரபல இசையமைப்பாளர் பெர்லியோஸே அதை மறுக்க வேண்டியிருந்தது. (பெண் எழுதினால் நம்ப மாட்டார்களாம்.) பிரான்சின் மோன்பெலியே நகரில் எடுத்த பதிவு சுமார்தான், கதை விறுவிறுப்பு.

ஃபாவுஸ்தோ வேறு ரகம்: சாத்தானிடம் ஆன்மாவை விற்கும் ஃபவுஸ்டின் கதை. இத்தாலிய மொழி, நாயகன் வேடத்தை முதலில் ஒரு பெண் குரலுக்குத்தான் எழுதினார், மேடையில் பாடியது என்னவோ ஆண் குரல். 2023இல் இசை நடத்துநர் கிறிஸ்தோஃப் ரூசே அந்தக் கால வாத்தியங்களோடு எடுத்த பதிவில் நாயகனாகப் பாடகி கரீன் தெஷாயே பாட, பழைய திட்டம் உயிர்பெறுகிறது. தடித்த நவீன வயலின் ஒலி இல்லாததால் ஊதுகருவிகள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன, சாத்தான் வரும் இடங்களில் நிஜமாகவே கொஞ்சம் சில்லிடும்.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதா? அப்போ ஃபாவுஸ்தோ. எஸ்மெரால்டாவில் மணிப் பாட்டை மட்டுமாவது அப்புறம் தேடிக் கேளுங்கள்.