கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லித்தான் தம்பிக்கு லேசர் வைத்தார்கள்

தம்பிக்கு 21 வயது. இரண்டு வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினோம், ஒவ்வொரு முறையும் சிலிண்டர் பவர் (கருவிழியின் கோணலுக்கான பவர்) ஏறியிருந்தது. "அக்கா, ராத்திரி பைக் ஓட்டினா எதிர்ல வர்ற லைட்டெல்லாம் வால் முளைச்ச மாதிரி தெரியுது" என்றான். பயந்துபோய், பெரிய பெரிய விளம்பரம் வைக்கும் ஒரு லேசர் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆரம்பக் கட்ட கெரட்டோகோனஸ், கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளுகிறது என்றார் டாக்டர். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. மீதியெல்லாம் கவுன்சலர்தான். "லேசரும் கிராஸ்லிங்கிங்கும் ஒரே நாள்ல முடிச்சிடலாம் மேடம், அப்புறம் கண்ணாடியே வேண்டாம். இன்னைக்கே ரெண்டு கண்ணுக்கும் கட்டினா 15,000 ரூபாய் தள்ளுபடி." கிராஸ்லிங்கிங் என்றால் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்துவது. கட்டிவிட்டேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

முதலில் இடது கண். நான்கு நாள் கண் திறக்க முடியாமல் துடித்தான். வலிக்கும் என்று முன்னால் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்தும் அந்தக் கண்ணில் பனிமூட்டம் போலத்தான் பார்வை. பவரும் போகவில்லை. கேட்டால் "சரியாயிடும்" என்ற ஒரே பதில்.

வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா பழைய ரிப்போர்ட் கேட்டார். அதை வாங்க மூன்று நடை நடந்தேன். இடது கண்ணில் கருவிழியின் மிக மெல்லிய இடம் 438 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அதிலேயே இருந்தது. அந்த அம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். மேல்தோல் மட்டும் சுமார் 50 மைக்ரான். அதை எடுத்த பிறகு குறைந்தது 400 மிஞ்ச வேண்டும் என்பதுதான் வழக்கமான கிராஸ்லிங்கிங்கின் அளவு. புற ஊதாக் கதிர் கருவிழியின் உட்பக்கச் செல்களைக் கெடுக்காமல் இருக்கத்தான் அந்த அளவு. தம்பிக்கு மிஞ்சியது 388. அதிலும் லேசரால் 42 மைக்ரான் செதுக்கியிருக்கிறார்கள்!

இந்த இரட்டைச் சிகிச்சையே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஏதென்ஸ் முறை என்ற பெயரில் பல வருடமாக நடப்பதுதான். தடிமன் போதுமான கண்ணில், கோணலான மேற்பரப்பைக் கொஞ்சம் சமப்படுத்த மட்டும் லேசர். நோய் ஏறாமல் நிறுத்த ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டும் புற ஊதாக் கதிரும், அதாவது கிராஸ்லிங்கிங். கண்ணாடியைக் கழற்றுவது அதன் நோக்கமே இல்லை. சிகிச்சைக்குப் பிறகும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படலாம். இதைத்தான் எங்களிடம் மறைத்தார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இதைச் செய்யச் சொன்னால் தயவுசெய்து முதலில் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். மெல்லிய இடம் எத்தனை மைக்ரான், லேசர் எத்தனை எடுக்கும், கடைசியில் எத்தனை மிஞ்சும் என்று டாக்டரிடமே கேளுங்கள், கவுன்சலரிடம் வேண்டாம். லேசிக் (கண்ணாடியைக் கழற்றச் செய்யும் வழக்கமான லேசர்) என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், இந்த நோய்க்கு அது ஆகவே ஆகாது. இன்னொன்று, தம்பிக்கு அலர்ஜி, சின்ன வயதிலிருந்தே கண்ணைக் கசக்குவான். கசக்கினால் கூம்பு இன்னும் தள்ளும் என்று முதல் இடத்தில் யாரும் எச்சரிக்கவில்லை. அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

வலது கண்ணில் 471 இருந்தது. போன மாதம் அவரிடமே கிராஸ்லிங்கிங் மட்டும் செய்துகொண்டோம். இடது கண்ணுக்கு ஸ்கிளீரல் லென்ஸ் (கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ்) போடப் பழகுகிறான், தினமும் காலையில் இருபது நிமிடம் நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கிறான். வலது கண்ணுக்கு முதல் மருத்துவமனையில் கட்டிய பணம் இன்னும் திரும்பி வரவில்லை.