கவுடுல்லக் கரையில் கூடாரமா, ஊர் வீட்டில் அறையா?

திருகோணமலையிலிருந்து யானை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தங்குமிடத்தின் படங்களைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் குளத்தை விசாரியுங்கள். எந்தக் குளத்தில் தண்ணீர் வற்றி, அலைகரையில் இளம்புல் முளைத்திருக்கிறதோ அங்கேதான் யானை நிற்கும்.

மின்னேரியாவுக்குப் பெயர் பெரியது. 1997இல் தேசியப் பூங்காவானது. ஆகஸ்ட், செப்டெம்பரில் யானைகள் பெருங்கூட்டமாகச் சேரும் இடம். ஆனால் மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு சில ஆண்டுகளில் கோடையிலும் குளம் நிறைந்தே கிடக்கிறது. புல் தண்ணீருக்கடியில் போனால் யானைகள் கவுடுல்லப் பக்கம் நகர்ந்துவிடும். 2002இல் பூங்காவான கவுடுல்ல நமக்குக் கிட்டவும்கூட. கந்தளாய் தாண்டிப் போய், ஹபரணைக்கு முன்பே திரும்பிவிடலாம். டிசம்பர் விடுமுறை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஹுருலுவுக்குப் போங்கள். மாரியில் குளங்கள் நிரம்பியபின் யானை பார்க்க அந்தக் காடுதான் சரி.

சரி, எங்கே தங்குவது?

முதல் தடவை நாங்கள் பூங்கா எல்லையோரக் கூடார முகாம் ஒன்றில் தங்கினோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம் சொல்லி மாளாது. கூடாரத் துணிக்கு வெளியே காடு மூச்சுவிடுவது கேட்கும். விடியப்புறம் மயில் அகவும். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை, அது பரவாயில்லை. மனதுக்கு ஒப்பாதது வேறு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சமையற்காரப் பையன் வத்தகப்பழத் தோலைக் கூடையோடு கொண்டுபோய் வேலிக்கு வெளியே கொட்டினான். கொஞ்ச நேரத்தில் ஒரு கொம்பன் வந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். அப்படிப் பழகிய யானை நாளைக்கு யாருடைய வீட்டுச் சுவரை இடிக்கும்? என் மாமா தம்பலகாமத்தில் வேளாண்மை செய்கிறவர். யானை என்றால் அவருக்கு மிதிபட்ட வயல்தான் ஞாபகம் வரும். அந்தக் கொம்பனைப் பார்த்தபோது எனக்கும் அவர் ஞாபகம்தான் வந்தது.

அடுத்த முறை பூங்காவுக்குக் கிட்ட ஒரு ஊர் வீட்டில் அறை எடுத்தோம். ஓட்டு வீடு, மின்விசிறி, நுளம்பு வலை, கிணற்றுக் குளிப்பு. சோறும் பருப்பும் குளத்து மீன் குழம்பும். ராத்திரி இரண்டு மணிக்கு, யானையை விரட்டப் போடும் யானை வெடி வெடித்தது. வீட்டுக்காரர் டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோட்டத்துக்கு ஓடினார். என் சின்னவன் எழும்பி உட்கார்ந்து, "யானைக்கு அடிபட்டிருக்குமா அப்பா, அந்த மாமாவுக்கு ஏதும் ஆகியிருக்குமா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டான். எந்தக் கூடாரமும் அவனை அப்படிக் கேட்க வைத்திருக்காது.

மறுநாள் பின்னேரம் கவுடுல்லவில் ஒரு தாய் யானை எங்களுக்கு நேரே நின்று மேய்ந்தது. முன்காலால் புல்லை உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுருட்டி, வேரில் ஒட்டிய மண்ணை முழங்காலில் தட்டித் தட்டி உதறிவிட்டுத்தான் வாயில் வைத்தது. பக்கத்தில் நின்ற குட்டிக்குத் தட்டத் தெரியவில்லை, மண்ணோடு தின்றது. ஜீப்காரர் எஞ்சினை நிறுத்தி, தூரத்திலேயே வைத்திருந்தார். அவரை ஏற்பாடு செய்தது வீட்டுக்காரர்தான். ஜீப் நல்லதா என்பதைவிட ஓட்டுகிறவர் பொறுமைசாலியா என்பதுதான் முக்கியம். யானையை மறித்து நிறுத்துகிற ஆளோடு போகவே கூடாது.

ஹபரணை ஹோட்டல்கள் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு வசதி. அன்றே திருகோணமலைக்குத் திரும்புவதும் முடியும். ஆனால் இருட்டிய பிறகு கந்தளாய் வீதியில் யானை குறுக்கே வரும், மெதுவாக வாருங்கள்.

கூடாரம்தான் வேண்டுமென்றால் முற்பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். குசினிக் கழிவு எங்கே போகிறது? இரவில் காட்டுப்பக்கம் விளக்கு எரியுமா? பூங்கா நுழைவுச் சீட்டும் ஜீப்பும் சொன்ன காசுக்குள் அடங்குமா? முதல் கேள்விக்கு மழுப்பினால் அங்கே போகாதீர்கள்.

இந்தச் செப்டெம்பருக்கு அதே ஊர் வீட்டில் இரண்டு அறை சொல்லி வைத்திருக்கிறோம். மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.