குமரிக்கண்டமா, சிங்கப்பூர்க் கல்லா?

மறைந்த நாகரிகத்தை வைத்துத் திகில் நாவல் எழுத விரும்பும் நம்மூர் நண்பர்கள் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

ஆதாரம்
குமரி: சிலப்பதிகாரத்தின் கடல்கோள் வரிகள்.
கல்: பழங்கால எழுத்துகள் பொறித்த பாறை. அதில் எஞ்சிய துண்டு சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

நம்பகம்
குமரி: குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படுவது, 1864இல் விலங்கியலாளர் ஸ்கிலேட்டர் முன்வைத்த லெமூரியா என்ற மூழ்கிய நிலப்பரப்பு. அதை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. வாசகர் நம்பமுடியாமல் அங்கேயே நின்றுவிடுவார்.
கல்: சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த இந்தப் பெரும்பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய எழுத்தை இன்னும் உறுதியாகப் படித்து முடிக்கவில்லை. சரி, சிதறிய துண்டுகளில் என்ன எழுதியிருந்தது? எனக்கு இந்தக் கேள்வியே ஒரு நாவல்தான்!

உழைப்பு
குமரி: ஓர் உலகையே படைக்கவேண்டும்.
கல்: ஊர் தயாராக இருக்கிறது.

பல பாகக் காவியக் கனவு என்றால் குமரி. முதல் நாவல், விறுவிறுப்பு முக்கியம் என்றால் தயங்காமல் கல்லை எடுங்கள்.