வண்டல் கலந்த போர் தண்ணீரில் சொட்டுநீர்ப் பாசனம்: மாதவரத்திலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

மாதவரத்தில் நாங்கள் நடத்தும் நர்சரியில் சொட்டுநீர்க் குழாய்கள் போட்டுப் பல பருவங்கள் கடந்துவிட்டன. கொசஸ்தலையாற்று வடிநிலத்தைச் சேர்ந்த இப்பகுதியில் எங்கள் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர், நைஸ் மணலையும் வண்டலையும் இரும்புக் கறையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. இத்தனை காலப் பயன்பாட்டில் நான் உறுதியாகக் கண்டது, செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பர்களைக் காப்பதில் வடிகட்டியைவிட, அதற்கு முன்னால் தண்ணீரை அசையாமல் நிறுத்தி வண்டலைப் படியவிடும் தெளிவுத் தொட்டிக்கே பங்கு அதிகம் என்பதுதான்.

போரை அடுத்து ஹைட்ரோசைக்ளோன் இருக்கிறது. தண்ணீரைச் சுழலவிட்டுக் கனமான மணலைச் சுவரோரம் ஒதுக்கி அடிக்கலனில் இறக்கும் இக்கருவி, ஏறத்தாழ 75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட மணலை நன்றாகவே பிரிக்கிறது. நகரும் பாகம் இல்லாததால் பழுதும் அரிது. ஆனால் அதன் திறன் முழுவதும் நீரோட்டத்தின் வேகத்தைச் சார்ந்தது. சித்திரை, வைகாசியில் நிலத்தடி நீர் இறங்கி, மோட்டார் தள்ளும் தண்ணீர் குறையும்போது சுழற்சி தளர்கிறது. எங்கள் போரில் மணல் மிகுதியாக வரும் காலமும் அதுவே. ஆகவே கோடை ஓட்டத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் அளவையே வாங்குவது நல்லது. மழைக்காலத்தில் சிறிது அழுத்தம் கூடுதலாக இழக்கப்படும், அது பெரிதல்ல.

அடுத்து வரும் தெளிவுத் தொட்டியைத் தாண்டியதும் 130 மைக்ரான், அதாவது 120 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 120 கண்ணிகள்) அளவுள்ள, வட்டுகளை அடுக்கிய டிஸ்க் ஃபில்டர். இருபுறமும் உள்ள பிரஷர் கேஜ்களின் வித்தியாசம் அரை கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு) நெருங்கினால் வட்டுகளைக் கழற்றிக் கழுவுகிறோம். இதிலும் சிக்காத வண்டலும் களியும் டிரிப்பரின் துளையைவிட மிகச் சிறியவை என்பதால் தாமாக வெளியேறிவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில், குழாயின் கடைக்கோடியில் ஓட்டம் மந்தமாகும் இடத்தில் அவை படிந்து, நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வழுவழுப்போடு சேர்ந்து இறுகிவிடுகின்றன.

அதனால்தான் தொட்டியை வலியுறுத்துகிறேன். அசையாத தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் 1 மீட்டர் இறங்கச் சில நிமிடங்களே போதும். 10 மைக்ரான் வண்டலுக்குச் சுமார் 3 மணி நேரம் வேண்டும். 2 மைக்ரான் களிக்கோ நாள்கணக்காகும். போர் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறவிட்டு நிரப்புவதால், கரைந்துள்ள இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகித் தொட்டியிலேயே படிகிறது. கரைந்த நிலையில் அதை எந்தச் சல்லடையும் பிடிக்காது. இரவில் நிரப்பி, காலையில் அடிமட்டத்துக்குச் சற்று மேலுள்ள குழாய் வழியே எடுக்கிறோம். பாசி பிடிக்காதிருக்க வெளிச்சம் புகாத மூடி அவசியம்.

தொட்டிக்கு இடமில்லாத மாடித் தோட்டக்காரர்கள், லேட்டரல்களின் (டிரிப்பர்கள் பொருத்திய கிளைக் குழாய்களின்) முனை மூடிகளை வாரந்தோறும் திறந்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை ஓடவிட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லா மூடிகளையும் திறந்தால் வேகம் போதாது என்பதால், இரண்டு மூன்றாகத் திறப்பதே படிந்த களியை வெளியே தள்ளும்.