சென்சார் நுரை சோப் டிஸ்பென்சர்: மூன்று மாத அனுபவம்

மகன் விளையாடிவிட்டு வந்ததும் விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவான். வீட்டில் எண்பது வயது மாமியார் இருக்கிறார். அவருக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. அதனால்தான் இதை வாங்கினேன்.

கையை நீட்டினால் நுரை விழுகிறது. அழுக்குக் கையால் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பையன் இப்போது சொல்லாமலே கழுவுகிறான், எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் நுரை தயாராக வருவதால் தேய்க்காமலே அலசிவிடப் பார்க்கிறான். குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும்; விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், புறங்கை எல்லாம். சோப்பும் தேய்ப்பும் சேர்ந்தால்தான் கிருமி தோலைவிட்டுக் கிளம்பும். இருபது வரை நிதானமாக எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு குறை. கெட்டியான ஹேண்ட்வாஷை அப்படியே ஊற்றினேன், இரண்டாவது வாரமே டிஸ்பென்சரில் நுரை வரும் மூக்கு அடைத்துக்கொண்டது. வெந்நீர் விட்டு ஓட்டியதும் சரியானது. இப்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலக்கிறேன். நான்கு பேட்டரி இரண்டு மாதம் வந்தது.

அப்புறம், பக்கத்தில் எப்போதும் ஈரமாகத் தொங்கிய பொதுத் துண்டை எடுத்துவிட்டேன். இப்போது ஆளுக்கொரு சின்னத் துண்டு, தினமும் துவைத்தது.